கிழங்கு மாத்திரை

கோகிலாவுக்குக் காய்ச்சல் எந்த நாளில் வரும் என்று வீரலட்சுமிக்கு முன்கூட்டியே தெரியும். பத்தொன்பதாம் நாள் பிள்ளை சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். இருபதாம் நாள் யாரோடும் பேச்சு இருக்காது. இருபத்தோராம் நாள் வெயில் ஏறுவதற்குள் உடம்பு கொதிக்கத் தொடங்கிவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுகிப் படுத்தாளென்றால் மூன்றாம் நாள் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். எழுந்தவுடன் ஒன்றும் நடக்காததுபோல, "பசிக்குதும்மா, என்ன இருக்கு?" என்பாள்.

நாலு வயதில் ஆரம்பித்தது. இப்போது பத்து. டைபாய்டு என்றார்கள், மலேரியா என்றார்கள். போன வருஷம் பரமக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் குடல்வால் என்று சொல்லி வயிற்றைத் திறந்து தைத்தார்கள். தையல் காய்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதே காய்ச்சல், அதே வலி. கள்ளியேந்தலில் யார் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி இல்லை. வீரலட்சுமி பழைய காலண்டர் தாள்களைக் கிழிக்காமல் ஆணியிலேயே விட்டு, காய்ச்சல் வந்த தேதிகளை மையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் நடுவே எண்ணினால் இருபது, இருபத்தொன்று, அதிகம் போனால் இருபத்திரண்டு. இந்தத் தாள்களைப் பார்த்த பிறகுதான் ராமநாதபுரத்தில் டாக்டர் அம்ரீன் நிமிர்ந்து உட்கார்ந்து, ரத்தம் எடுத்து ஜீன் பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பினாள்.

அந்த மாசி மாதம் வழக்கத்துக்கு மாறாக அவர்கள் காய்ச்சலை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். "அடுத்த தடவை காய்ச்சல் வந்தவுடனே தூக்கிட்டு வாங்கக்கா. எந்த மாத்திரையும் குடுக்காம வரணும். மாத்திரை உள்ள போயிட்டா எனக்கு வேண்டியது ரத்தத்துல தெரியாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இருபத்தோராம் நாள் காலையில் அவர்கள் மிளகாய்க் கொல்லையில் நின்றார்கள். முண்டு மிளகாய் பழுத்துச் செடிகளில் உருண்டை உருண்டையாகச் சிவந்து கிடந்தது. இரண்டாம் பறிப்பு. பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வரப் பயந்து வீரலட்சுமி கூடவே கூட்டி வந்து, வேப்பமரத்து நிழலில் சாக்கை விரித்து உட்கார வைத்திருந்தாள். நிரைக்கு நிரை நகரும்போது நிமிர்ந்து நிமிர்ந்து மரத்தடியைப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவது நிரை முடிவதற்குள் கோகிலா சாக்கில் சாய்ந்துவிட்டாள்.

ஓடிப்போய்க் கழுத்தில் கை வைத்தாள் வீரலட்சுமி. பிறகு வரப்பில் நின்று கூப்பிட்டாள்.

"மச்சான், இங்கன வாங்க!"

மூட்டை கட்டிக்கொண்டிருந்த செல்லச்சாமி அப்படியே போட்டுவிட்டு வந்தான். "வந்துருச்சா?"

"வந்துருச்சு. வண்டிய எடுங்க."

கோகிலா கண்ணைத் திறக்காமலே அம்மாவின் சேலையைப் பிடித்தாள். "அம்மா, வலிக்குத் தர்ற அந்த வெள்ளை மாத்திரையக் குடும்மா. வயிறு கிழியுதும்மா."

"செத்தப் பொறு ஆத்தா. ரத்தம் எடுத்தவுடனே தந்துர்றேன்."

"இப்பயே குடும்மா. பாதி குடு, போதும்."

கூடப் பறித்துக்கொண்டிருந்த உலகம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, வாயில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். "ஏத்தா வீரு, பிள்ளை இந்தத் துடி துடிக்குது, மடியில மாத்திரைய வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறியே!"

"ரத்தம் எடுத்தப்பறந்தேன் குடுக்கணுமாம்க்கா."

"அந்த டாக்டரு தன் பிள்ளைக்கின்னா இப்படிச் சொல்லுவாளா?"

வீரலட்சுமிக்கு மடியில் மாத்திரை அட்டை இருப்பது இடுப்பில் உறுத்திக்கொண்டேயிருந்தது. பிள்ளையைத் தூக்கி வண்டியில் நடுவில் வைத்துத் துண்டால் கணவனோடு சேர்த்துக் கட்டினாள். சத்திரக்குடியைத் தாண்டிச் சாலையின் இரண்டு பக்கமும் கருவேலங்காடு ஓடியது. பிள்ளையின் முதுகுச் சூடு ரவிக்கையைத் தாண்டி அவள் நெஞ்சில் சுட்டது.

"முழிச்சிருக்காளா?" செல்லச்சாமி திரும்பாமல் கேட்டான்.

"முழிச்சுத்தான் இருக்கா."

"பேச்சுக் குடுத்துக்கிட்டே வா. தூங்க விட்ராத."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "முழிச்சிருக்காளா?"

ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் பத்துத் தடவையாவது கேட்டிருப்பான்.

டாக்டர் அம்ரீன் பெரியபட்டினத்துப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவளே உட்கார்ந்து ரத்தம் எடுத்தாள். தனியாக ஒரு குழாயில் ஊற்றி, ஏழெட்டுத் தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து ஆட்டி மூடினாள். ஊசி வெளியே வந்த அடுத்த நிமிஷம் வீரலட்சுமி வெள்ளை மாத்திரையைப் பிள்ளையின் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அவசரத்தில் பாதித் தண்ணீர் பிள்ளையின் சட்டையில் கொட்டியது.

வலி மட்டுப்பட்டுக் கோகிலா உறங்கிய பிறகு டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்தாள்.

"மதுரையிலருந்து ரிசல்ட் வந்துருச்சுண்ணே. இது பரம்பரையா வர்ற காய்ச்சல். தொத்து வியாதி இல்ல, கிருமியும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் சொந்தந்தானே?"

"என் தாய்மாமன் மகதேன் இவ."

"உங்ககிட்டருந்து ஒண்ணு, அக்காகிட்டருந்து ஒண்ணு, ரெண்டு பழுதான ஜீன் சேந்துதான் பிள்ளைக்கு நோயாகிருக்கு. ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கறவுகளுக்கு பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது."

"இன்னைக்கு எடுத்த ரத்தம் என்னத்துக்கு?" வீரலட்சுமி கேட்டாள்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "ரத்தத்துல வெள்ளை அணு இருக்குக்கா. அதுக மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. கிருமி உள்ள நுழைஞ்சா முதல்ல கண்டுபிடிக்கிறது அதுதான். கண்டுபிடிச்சதும் சத்தம் குடுக்கும், உடம்பு சூடாகும், அதுதான் காய்ச்சல். அந்த ஏற்பியச் செய்யச் சொல்ற ஜீன் எவ்வளவு வேலை பாக்குதுன்னு இப்ப அளந்து பாக்கலாம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கிருமியே வராம அது ஓயாம வேலை பாக்குதான்னு மதுரையில ஆராய்ச்சி பண்றாங்க. நம்ம பிள்ளைக்கும் சேத்து அளக்குறோம்."

செல்லச்சாமி மெல்லச் சொன்னான். "அப்ப, கொல்லைக்குப் போட்ட காவக்காரன் மாதிரின்னு சொல்லுங்க. பன்னி வந்தா வேட்டுப் போடுறான்னு ஆள் வச்சா, அவன் காத்து அசைஞ்சாலும் வேட்டுப் போடுறான்."

"அதேதாண்ணே. போட்டுக்கிட்டே இருந்தா கடைசியில நம்ம செடிதானே கருகும்?"

"எந்தச் செடி கருகும்?"

"கிட்னி" என்றாள் டாக்டர்.

செல்லச்சாமியின் முகம் வெளுத்துவிட்டது. அவன் தம்பி காளீஸ்வரன் இருபத்தாறு வயதில் செத்தவன். சின்ன வயதில் அவனுக்கும் மாதம் தவறாமல் காய்ச்சல் வரும். கடைசி வருஷத்தில் இரண்டு காலும் தூண் மாதிரி வீங்கி, கிட்னி போய்விட்டது என்று மதுரையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இதுக்கு மாத்திரை இருக்கு" என்று டாக்டர் அவசரமாகச் சொன்னாள். "தினம் ஒண்ணு. ஒரு நாள்கூட விடக்கூடாது. ஆயுசுக்கும் சாப்பிடணும். அதைச் சாப்பிட்டா பெரும்பாலானவுகளுக்குக் காய்ச்சலும் குறையும், கிட்னிக்கும் ஒண்ணும் ஆகாது."

மருந்துக்கடைக்கு வீரலட்சுமிதான் போனாள். செல்லச்சாமி பிள்ளையோடு வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"பிள்ளைக்கு. பத்து வயசு."

"பிள்ளைக்கா? இது மூட்டுவாதக்காரங்கதான் வாங்குவாங்க. சரி, டாக்டரு எழுதினாச் சரியாத்தான் இருக்கும்." அட்டையை எடுத்து மேசையில் வைத்தபடி, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "வேலியில கார்த்திகை மாசம் சிவப்பும் மஞ்சளுமா ஒரு பூ பூக்குமே, கண்வலிக் கிழங்கு, அதுலருந்து எடுக்குறதுதேன் இது. மூலனூர்ப் பக்கம் காடு காடா வெள்ளாமை போடுறாக, விதைய வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புறாக."

வீரலட்சுமிக்கு அட்டையை எடுக்கக் கை வரவில்லை. "எடுத்துக்கம்மா" என்று அவர் இரண்டாம் முறை சொன்ன பிறகு எடுத்தாள்.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். அமுதவள்ளி. பதினேழு வயதில், வீட்டில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு, கண்வலிக் கிழங்கைத் தின்றுவிட்டாள். ஊருக்கு வாந்திபேதி என்று சொன்னார்கள். அத்தை வீடான செல்லச்சாமி வீட்டுக்குக்கூட அப்படித்தான் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் அதையே சொல்லிச் சொல்லிச் செத்துப்போனார்கள். உண்மை தெரிந்து இன்னும் உயிரோடு இருப்பவள் வீரலட்சுமி ஒருத்திதான். அன்றைக்கு அவளுக்குப் பன்னிரண்டு வயது. அக்காவின் விரலில் கிழங்கு மண் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். பார்த்தும் என்னவென்று புரியவில்லை. மத்தியானம் வரைக்கும் அக்கா நன்றாகத்தான் இருந்தாள். வீரலட்சுமிக்குத் தலை சீவிச் சடைகூடப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் வாந்தி தொடங்கியது. மூன்றாம் நாள், "ஏட்டி, என்னைக் காப்பாத்தச் சொல்லுட்டி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மறுநாள் காலையில் செல்லச்சாமி மிளகாய் காயப்போடக் களத்துக்குப் போன பிறகு வீரலட்சுமி அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். உளுந்தம்பருப்பைவிடச் சின்னதாக இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அடுப்பில் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சத்து மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"குடுத்துட்டியா?" என்று செல்லச்சாமி வந்ததும் கேட்டான்.

"குடுத்துட்டேன்."

தினமும் அவன் கேட்டான். தினமும் அவள் அதையே சொன்னாள். இன்றைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு நாளும் மாத்திரையைப் பிதுக்குவாள். பிள்ளை வாயைத் திறந்து நிற்கும்போது அக்காவின் விரலில் இருந்த மண்தான் தெரியும். காய்ச்சல் மூன்று நாளில் போய்விடுகிறது, மீதிப் பதினெட்டு நாளும் பிள்ளை ஆடி ஓடித்தானே இருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செல்லச்சாமிக்கு வேறொரு பழக்கம் ஆரம்பித்தது. காலையில் பிள்ளை எழுந்தவுடன் அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் எலும்பின் மேல் அழுத்திப் பிடிப்பான். எடுத்தவுடன் குழி விழுகிறதா என்று குனிந்து பார்ப்பான். குழி விழாது. ஆனாலும் அடுத்த காலையும் அழுத்திப் பார்ப்பான்.

"என்னய்யா பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லத்தா. போயிக் குளி."

பங்குனியில் இருபத்தோராம் நாள் வந்தது. இந்த முறை வயிறோடு நிற்காமல் நெஞ்சையும் பிடித்தது. கோகிலாவால் மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. இழுத்தால் வலது விலாவில் கத்தி குத்துவது போலிருந்தது. வெட்டி வெட்டிக் குட்டி மூச்சாக விட்டுக்கொண்டு, பயத்தில் கண்ணை உருட்டி அம்மாவையும் அய்யாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இடது கணுக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது.

வெளியே தூறல் விழுந்தது. களத்தில் இரண்டு பறிப்பு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. உலகம்மாள் சந்துமுனையிலிருந்து, "ஏப்பா செல்லச்சாமி, மிளகா நனையுதுப்பா! தார்ப்பாய் எங்கன இருக்கு?" என்று கத்தினாள். செல்லச்சாமி எழுந்திருக்கவில்லை. அவள்தான் யாரையோ கூட்டிக்கொண்டு போய் அள்ளிக் குவித்து மூடினாள்.

"மாத்திரை கேக்கலையே வீரு" என்றான் அவன். பிள்ளைக்குக் கேட்காதபடி, பின்கட்டில். "தினமும் குடுத்துங்கூடக் கேக்கலையே. காளிக்கும் இப்படித்தேன் ஒண்ணும் கேக்கலை. அவன் கால்ல விரலை வச்சா மாவு பிசைஞ்ச மாதிரி உள்ள போயிரும். எடுத்தப்பறமும் குழி அப்படியே நிக்கும். நான்தான அவனைக் குளிப்பாட்டி விட்டேன். அந்தக் குழி இன்னும் என் விரல்ல இருக்கு."

அவனுடைய உதடு கோணியது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். உள்ளே கோகிலா "அம்மா" என்றாள். போய்விட்டாள்.

மாத்திரை தொடங்கி முப்பத்தைந்து நாள் கழித்து, காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்து, இன்னொரு முறை ரத்தம் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். போய் ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வந்தார்கள். அன்றைக்குக் கோகிலா நல்ல துள்ளலாக இருந்தாள்; வரும் வழியில் நுங்கு கேட்டு வாங்கித் தின்றாள். நடுவில் இன்னொரு காய்ச்சலும் வந்து போனது. ரத்தம் கொடுத்து இரண்டு வாரத்தில் போன் வந்தது. இரண்டு பேரும் வாருங்கள், பிள்ளை வேண்டாம் என்றாள் டாக்டர்.

"பிள்ளை வேணாம்னா என்ன அர்த்தம்?" என்று செல்லச்சாமி வண்டியில் போகும்போது கேட்டான். வீரலட்சுமிக்கும் அதே யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது.

மேசை மேல் ஒரு தாள் இருந்தது. அதில் இரண்டு கோடுகள் வரைந்திருந்தன.

"இது காய்ச்சல் அன்னைக்கு எடுத்தது" என்று டாக்டர் பேனாவால் தொட்டாள். "அந்த ஏற்பியோட ஜீன் எவ்வளவு வேலை பாத்ததுன்னு காட்டுது. சாதாரணப் பிள்ளைகளுக்கு இங்கன கீழ இருக்கணும். இது இப்ப எடுத்தது. காய்ச்சல் இல்ல, விளையாடிக்கிட்டிருந்தா. ஆனா பாருங்க, கொஞ்சந்தான் இறங்கியிருக்கு. முப்பத்தஞ்சு நாள் மாத்திரை சாப்பிட்டும் ஓயலை. வெளிய நல்லா இருக்குற நாள்லயும் பிள்ளைக்கு உள்ள எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"எல்லா நாளுமா?" வீரலட்சுமி கேட்டாள்.

"எல்லா நாளும். மத்த ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொல்லுது. சிறுநீர்ல லேசா புரதம் கசிய ஆரம்பிச்சிருக்கு. இப்பப் பிடிச்சுட்டா சரிபண்ணலாம், அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். எனக்கே கொஞ்சம் ஆச்சரியமா இருக்கு. இந்த மாத்திரைக்கு இந்தளவு கேக்காமப் போறது அபூர்வம். இன்னைக்கிலருந்து ரெண்டா ஏத்தலாம். அதுக்கும் கேக்கலைன்னா மதுரையில ஊசி போடணும்."

அவள் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினாள்.

"ஏத்தாதிங்க டாக்டரம்மா."

"ஏன்க்கா?"

வீரலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். "ஒண்ணுகூட நான் குடுக்கலை. அம்புட்டையும் அடுப்புல போட்டுட்டேன்."

செல்லச்சாமி மனைவியைப் பார்த்தான். அவள் என்ன சொன்னாள் என்பது அவனுக்கு ஏறவில்லை போலிருந்தது. "என்னது?" என்றான். பிறகு மறுபடியும், சத்தம் குறைந்து, "என்னது?"

"அது கண்வலிக் கிழங்குலருந்து எடுக்குறதாமே, கடைக்காரரு சொன்னாரு. அதைத் தின்னு ஒரு உசுரு போனதை நான் பாத்திருக்கேன் டாக்டரம்மா. எங்கையால எப்படிக் குடுப்பேன்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். திட்டுவாள் என்று வீரலட்சுமி எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை.

"எதுலருந்து வருதுன்னு நான் முதல்லயே சொல்லியிருக்கணும்க்கா. எங்க ஊர் வேலியிலயும் அது கிடக்கு. தொட்டாலே எங்கம்மா கை கழுவச் சொல்லும். எனக்குத் தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டேன். நீங்க பயந்தது தப்பில்ல. கிழங்கைத் தின்னா விஷந்தான். இந்த மாத்திரையையும் ஒரேயடியா அள்ளித் தின்னா விஷந்தான், அதனால பிள்ளை கைக்கு எட்டாமப் பூட்டி வைக்கணும். ஆனா நான் எழுதுறது அரை மில்லிகிராம். உப்புக் கல்லுல பத்துல ஒரு பங்குகூட வராது. அந்த அளவுல அது உசுரைத் தொடாது. அந்த வேட்டுக்காரன் கைய மட்டும் அமுக்கிப் பிடிக்கும்."

"வாந்தி வந்தா?"

"சிலருக்கு முதல்ல வயிறு லேசாப் போகும். பயப்படாதிங்க. நிக்காம வாந்தி வந்தா எந்த நேரமா இருந்தாலும் எனக்குப் போன் போடுங்க. ஒண்ணே ஒண்ணுலருந்து ஆரம்பிப்போம். ஏத்த வேணாம். நல்லவேளை இன்னைக்குச் சொன்னீங்க."

திரும்பும்போது கள்ளியேந்தல் கண்மாய்க் கரை வந்ததும் செல்லச்சாமி வண்டியை நிறுத்தி இறங்கி, தண்ணீர் வற்றிய கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தினமும் கேட்டேன். தினமும் குடுத்தேன்னு சொன்ன."

"ஆமா."

"அவளுக்கு மூத்திரத்துல என்னமோ போகுதாமே. காளிக்கும் அப்படித்தானே ஆரம்பிச்சது."

"அமுதா எப்படிச் செத்தாள்னு உங்களுக்குத் தெரியுமா மச்சான்?"

"வாந்திபேதி."

"இல்ல."

அவள் சொன்னாள். இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததைக் கண்மாய்க் கரையில் நின்று, எதிரே வெயில் கண்ணைக் கூச வைக்க, விரலில் இருந்த மண்வரைக்கும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் தலையிலிருந்த துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தான், முகத்தைத் துடைத்துக்கொள்ள.

"நாளைக்கு நானே குடுத்துக்கிர்றேன். உன் கையால வேணாம்" என்றான்.

"வேணாம். நான்தேன் குடுக்கணும்."

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்ததும் அவள் அடுப்படியில் உட்கார்ந்து அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். அதைத் தன் வாயில் போட்டு பழைய சோற்று நீச்சத்தண்ணியால் விழுங்கினாள். மூன்று நாள் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தாள். அக்காவுக்கு மூன்று நாள்தான் ஆனது. மூன்று நாளும் தனக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் பிள்ளைக்குக் கொடுக்கலாம். செல்லச்சாமியை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை.

நிலைப்படியில் கோகிலா நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்திருந்தது.

"அது என் மாத்திரைல்ல?"

வீரலட்சுமி அட்டையைச் சேலைத் தலைப்பில் மறைத்தாள்.

"நீ ஏம்மா முழுங்குற? அடுப்புல போடலையா?"

"நீ எப்பப் பாத்த?"

"தெனமும்தேன் பாத்தேன்." கோகிலா அடுப்புக் கட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு இனிமே சரியாகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாகன்னு நினைச்சேன். அதான், எப்படியும் செத்துப்போயிருவா, எதுக்கு இவளுக்கு மாத்திரைன்னு நீ போட்டுட்டியோன்னு."

வீரலட்சுமி பிள்ளையை இழுத்துக் கட்டிக்கொண்டாள். ஐம்பது நாளாகப் பத்து வயதுப் பிள்ளை இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள், சத்து மாத்திரையை ஒன்றும் கேட்காமல் வாயைத் திறந்து வாங்கியிருக்கிறாள், நுங்கு தின்றிருக்கிறாள்.

"இல்லடி. இல்லடி என் ஆத்தா. அம்மாவுக்குத்தேன் பயம். அந்த மாத்திரை உன்னைய என்னமும் பண்ணிருமோன்னு பயம். அதான் நான் முதல்ல முழுங்கிப் பாத்தேன்."

"உன்னைய என்னமும் பண்ணுதா?"

"இன்னும் ஒண்ணும் பண்ணலை."

கோகிலா கையை நீட்டினாள். "அப்ப எனக்கும் குடு."

மூன்று நாள் கணக்கு அதோடு போயிற்று. வீரலட்சுமி இன்னொன்றைப் பிதுக்கினாள். பிள்ளை விழுங்கிவிட்டு, நாக்கை வெளியே நீட்டிக் காட்டினாள். செல்லச்சாமி பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவன் உள்ளே வரவில்லை.

அன்று முழுவதும் வீரலட்சுமி களத்தில் பிள்ளையைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு வெளுத்துப்போன சோடை மிளகாய் பொறுக்கினாள். தன் வயிறு ஒரு முறை இரைந்தாலும் கை நின்றுவிடும். கோகிலா இருமினால் போதும், எழுந்துவிடுவாள். மத்தியானம் தாண்டியது. அக்காவுக்கு வாந்தி தொடங்கிய நேரம் தாண்டியது. புளிக்குழம்பும் சாளைக் கருவாடும் வைத்துச் சோறு போட்டாள். பிள்ளை தின்றாள், அவளுக்கு இறங்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரத்தில் கோகிலாவுக்கு வயிறு போனது. அரை மணி கழித்து மறுபடியும். வீரலட்சுமி போனை எடுத்து எண்ணை அழுத்தத் தெரியாமல் கணவனிடம் நீட்டி, அவன் போட்டுக் கொடுத்ததும் கத்தினாள்.

"டாக்டரம்மா, ஆரம்பிச்சுருச்சு! ரெண்டு தடவை போயிருச்சு!"

"வாந்தி இருக்காக்கா?"

"இல்ல."

"ரத்தம் போகுதா? சோந்து கிடக்காளா?"

"இல்ல. நிக்கிறா. என்னையப் பாத்து முழிக்கிறா."

"அவ்வளவுதான். உப்பும் சீனியும் போட்டுத் தண்ணி குடுங்க. பால் ரெண்டு நாளைக்கு வேணாம். நாளைக்கும் மாத்திரையக் குடுக்கணும்க்கா. சாயங்காலம் நானே கூப்பிடுறேன்."

சொன்னபடி சாயங்காலம் கூப்பிட்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் வயிறு நின்றுவிட்டது. நான்காம் நாள் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவள் திரும்பி வரும்வரை வீரலட்சுமி ஊர்முனையிலேயே நின்றாள்.

சித்திரை பிறந்து வெயில் தீயாகக் கொளுத்தியது. காலண்டரில் அடுத்த நாள் நெருங்க நெருங்க வீட்டில் பேச்சுக் குறைந்தது. பத்தொன்பதாம் நாள் கோகிலா சோற்றை அளையவில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் வந்துவிடுமோ என்று. இருபதாம் நாள் அவள் சும்மாவே பேசாமலிருந்தாள். பயத்தில் பேசவில்லையா, காய்ச்சல் வருவதற்குப் பேசவில்லையா என்று தெரியவில்லை.

இருபத்தோராம் நாள் செல்லச்சாமி கொல்லைக்குப் போகவில்லை. வண்டிக்கு எண்ணெய் போட்டு வாசலில் ராமநாதபுரத்தைப் பார்க்க நிறுத்தி வைத்தான். கோகிலா தானாகவே பாயை விரித்துக் குறுகிப் படுத்துக்கொண்டு காத்திருந்தாள். வீரலட்சுமி களத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டேயிருந்தாள். நாலு கை மிளகாய் கிளறுவாள், ஓடி வருவாள், நெற்றியைத் தொடுவாள், போவாள்.

உச்சிக்கு வெயில் ஏறிய நேரத்தில் வந்து தொட்டாள். சுட்டது.

"மச்சான்!" என்று கத்தினாள். "சுடுது மச்சான்! வண்டிய எடுங்க!"

செல்லச்சாமி உள்ளே பாய்ந்து வந்தான். கோகிலா எழுந்து உட்கார்ந்து தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள்.

"உன் கைதாம்மா சுடுது. வெயில்ல மிளகாயக் கிளறிட்டு வந்து தொட்டா? கண்ணும் எரியுது, போ. கையக் கழுவிட்டு வா."

செல்லச்சாமி பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்தான். வைத்தபடியே வீரலட்சுமியைப் பார்த்தான். கையை எடுத்து, வண்டிச் சாவியை ஆணியில் திரும்ப மாட்டினான்.

வீரலட்சுமி புறவாசலுக்குப் போனாள். பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு கையில் ஊற்றினாள். சோப்புப் போட்டாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மறுபடி ஊற்றினாள். சேலையில் துடைத்துக்கொண்டு, குளிர்ந்த கையோடு உள்ளே வந்து, பாயில் மண்டியிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.